இருபத்தைந்து டிகிரி

இந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன், நீங்க நல்லா உக்காருங்கம்மா. சாத்தூர்ல ஏறினா இப்படித்தான், இடம் கிடைக்கிறதே பெரிசு. எங்க, திருநெல்வேலியா? சரி சரி. நான் கயத்தாறு. போன மூணு தடவையும் கயத்தாறுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். இறங்கத்தான் இல்ல. கண்டக்டர் சத்தம் போட்டார், அப்புறம் திருநெல்வேலி வரைக்கும் மறுபடி ஒரு டிக்கெட் எடுத்தேன். மூணு தடவையும்.

அது என்ன, போனுக்கு சார்ஜ் ஏத்துறீங்களா? பதினொரு பெர்சன்ட்டா? முழுசா ஏற எவ்வளவு நேரம் ஆகும்? ஒண்ணரை மணி நேரம்! ஆறு நிமிஷத்துல நிறையுற பேட்டரியை நான் பார்த்திருக்கேன்மா. சிரிக்காதீங்க. என் கையால கிளிப் மாட்டி ஓட விட்டிருக்கேன். ரெண்டாயிரத்து ஐநூறு தடவை ஏத்தி இறக்கியும் அது சோரல.

நான் செண்பகவல்லி. ஒரு ஆராய்ச்சி நிலையத்துல டெக்னீசியனா இருந்தேன். பேரு வேண்டாம், அந்த இடத்து மேல எனக்கு ஒண்ணும் குறை இல்ல. வீட்டுக்காரர் அங்க வேலை பார்த்து இறந்துபோனார், அந்த வேலையை எனக்குக் குடுத்தாங்க. எனக்கு என்ன தெரியும் அப்ப? பத்தாவதும், நல்ல கையெழுத்தும். கையெழுத்துன்னா சும்மா இல்லம்மா, அச்சடிச்ச மாதிரி இருக்கும். பெரிய பெரிய விஞ்ஞானிங்க எல்லாம் தங்களோட நோட்டுக்கு மேல பேரு எழுத என்கிட்டதான் குடுப்பாங்க. இருபத்தொன்பது வருஷம். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது என் ரெஜிஸ்டர்ல. குடியரசு தினத்துக்குக் கேடயம் குடுத்தாங்க. இப்பவும் டிவிக்கு மேலதான் இருக்கு. துணி போட்டு மூடி வச்சிருக்கேன், தூசி படியக் கூடாதுன்னு. தூசிக்காகத்தான்.

என் வேலை என்னன்னா, சோதனை அறை. புதுசு புதுசா பேட்டரி செய்வாங்க பிள்ளைங்க, காசு அளவுக்குச் சின்னதா இருக்கும். அதை மெஷின்ல மாட்டி ராவும் பகலும் சார்ஜ் ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, எத்தனை நாள் தாங்குதுன்னு பார்க்கணும். அந்த ரூம் எப்பவும் இருபத்தஞ்சு டிகிரியில இருக்கணும். அதுதான் கணக்கு. உலகத்துல எங்க சோதனை பண்ணினாலும் இருபத்தஞ்சு. காலையில, மத்தியானம், சாயங்காலம் மூணு வேளை தெர்மாமீட்டரைப் பார்த்து ரெஜிஸ்டர்ல எழுதணும். கிராஃப் எல்லாம் பிள்ளைங்க அவங்க ஹால்லயே கம்ப்யூட்டர்ல பார்த்துக்குவாங்க. ரூமுக்குள்ள நான் மட்டும்தான். "கதவைத் திறக்காதீர், வெப்பநிலை மாறும்"னு நானே எழுதி ஒட்டியிருந்தேன். அதுவும் அச்சடிச்ச மாதிரிதான்.

இப்ப நான் சொல்றதைக் கேட்டுட்டு என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. இந்த மாதிரி வேலை பார்க்கிற எல்லாரும் செய்றதுதான். அந்த ரூம் வருஷக்கணக்கா இருபத்தஞ்சுலயேதான் இருந்துச்சு. கூடினா கால், குறைஞ்சா கால். அதனால மாசம் ஒண்ணாந்தேதி காலையில உக்காந்து, முப்பது நாளைக்கும் சேர்த்து எழுதிருவேன். ஒரே பேனா, ஒரே இருப்பு, எழுத்து சீரா வரும். எல்லாத்தையும் இருபத்தஞ்சுன்னு எழுத மாட்டேன். இருபத்தஞ்சு புள்ளி ஒண்ணு, இருபத்திநாலு புள்ளி எட்டு, இருபத்தஞ்சு புள்ளி ரெண்டுன்னு மாத்தி மாத்தி எழுதுவேன். அப்பத்தான் பார்க்க உண்மையா இருக்கும்.

பொய் சொல்லலம்மா. எழுதினேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஏப்ரல் பன்னெண்டாந்தேதி காலையில ரூமைத் திறந்தேன். அனல் மூஞ்சியில அடிக்குது. ரெண்டு ஏசியும் நின்னு போச்சு. தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு காட்டுது. உடனே கம்ப்ளைன்ட் எழுதணும்னு போனேன். கம்ப்ளைன்ட்டுக்கு ரெஜிஸ்டர் பக்கத்தை நகல் எடுத்து வைக்கணும். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தா, ஏப்ரல் முப்பது வரைக்கும் இருபத்தஞ்சுன்னு அழகா எழுதி வச்சிருக்கேன்.

என்ன பண்ணுவீங்க நீங்க? சொல்லுங்க. பத்தொன்பது நாளையும் அடிக்கணும். அடிச்சா அன்னைக்கே தெரிஞ்சிரும், இவ பார்த்து எழுதுறவ இல்ல, முன்கூட்டியே எழுதி வைக்கிறவன்னு. அத்தனை வருஷ ரெஜிஸ்டரையும் தோண்டிப் பார்ப்பாங்க. நான் ரூமைப் பூட்டிட்டு, வீட்ல இருந்து ஒரு டேபிள் ஃபேன் கொண்டு வந்து வச்சேன். அப்ப மெஷின்ல எதுவும் ஓடல. ரெண்டு நாள்ல யாராவது மெக்கானிக்கைப் பிடிச்சுச் சரி பண்ணிரலாம்னு இருந்தேன். அந்தப் பய இன்னைக்கு வாரேன் நாளைக்கு வாரேன்னு இழுத்தடிச்சான். அவன் ஒழுங்கா வந்திருந்தா ஒண்ணுமே இல்ல. பாதி தப்பு அவனோடது.

பதினஞ்சாந்தேதி இசக்கி வந்து கதவைத் தட்டினா.

இசக்கியம்மாள். கயத்தாறுப் பிள்ளை. அப்பா ஆட்டு வியாபாரம். அந்தக் குடும்பத்துல பத்தாவது தாண்டின முதல் ஆளு இவதான், நேரா பிஎச்.டி. வரைக்கும் வந்துட்டா. ஒல்லியா இருப்பா, பேச்சு மட்டும் வெடி மாதிரி. என்னை அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா. மத்தியானம் என் புளிச்சோத்துல பாதி அவளுக்குத்தான். அவ ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கிட்டே என் டப்பாவைக் காலி பண்ணுவா. அவளுக்கு நான் நல்லதுதான்மா நினைச்சேன். யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

அவ என்ன கண்டுபிடிச்சான்னா... எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன். பேட்டரிக்குள்ள ரெண்டு தகடு. சார்ஜ் ஏத்துறதுன்னா ஒரு பக்கத்துல இருக்கிற லித்தியம் அந்தப் பக்கத் தகட்டுக்குள்ள போய் உக்காரணும். மெதுவா ஏத்தினா ஒவ்வொண்ணா உள்ள போய் உக்காந்துரும். அவசரமா ஏத்தினா, இந்தப் பஸ்ல ஏறுற கூட்டம் மாதிரி, உள்ள இடம் இருந்தும் படியிலயே நெருக்கிக்கிட்டு நிக்கும். அப்படி வெளியில படியப் படியத்தான் பேட்டரி சாகுது. இசக்கி கரியையும் சிலிக்கானையும் கலந்து, நுண்ணு நுண்ணா ஓட்டை விட்டு ஒரு பொடி பண்ணியிருந்தா. அந்தப் பொடியைத் தகட்டுல பூசினா, படியில நிக்காம எல்லாம் உள்ள போயிரும்னா. மூணு வருஷ உழைப்பு. நாப்பது தடவை தோத்த பொடி.

அன்னைக்கு ஒரு தட்டுல பன்னெண்டு பேட்டரி வச்சுக்கிட்டு நிக்கிறா. "அக்கா, இதுதான்க்கா கடைசி. இது ஓடலைன்னா நான் ஆடு மேய்க்கப் போறேன்"னு சிரிக்கிறா. நான் கதவை ஒரு சாண் திறந்து, இடுக்குல கையை நீட்டித் தட்டை வாங்கினேன். உள்ள இருக்கிற சூடு அவ மேல பட்டுரக் கூடாதேன்னு உடம்பால மறைச்சுக்கிட்டு நிக்கிறேன். "என்னக்கா மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது"ன்னா. மாடிப்படி ஏறி வந்தேன்னு சொன்னேன். அந்த ரூம் கீழ்த்தளம்மா. அவ யோசிக்கவே இல்ல. நான் சொன்னா அவ யோசிக்க மாட்டா.

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். "இசக்கி, ரெண்டு நாள் பொறு, ஏசி ரிப்பேர்"னு அவகிட்ட மட்டும் காதோட சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப் போகுது? இதைத்தான் நான் படுத்தா நினைக்கிறேன், எந்திரிச்சா நினைக்கிறேன். நான் சொல்லல. தட்டை வாங்கி, பன்னெண்டையும் மாட்டி ஓட விட்டுட்டேன்.

அது ஓடுச்சு பாருங்க! ஆறு நிமிஷத்துல ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. ஒரு வாரம் கழிச்சு அவ ஹால்ல இருந்து ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ஐநூறு, ஆயிரம், ரெண்டாயிரம். மே மாசம் ஒண்ணாந்தேதி நான் புதுப் பக்கத்தைத் திறந்தேன். அப்பவாவது உண்மையை எழுதியிருக்கலாம். ஆனா ஏப்ரல் முப்பது இருபத்தஞ்சு, மே ஒண்ணு முப்பத்தொன்பதுன்னா கேட்க மாட்டாங்களா? அதனால மறுபடி இருபத்தஞ்சு. ஜூன் ரெண்டாந்தேதிதான் அந்த மெக்கானிக் வந்தான். நான் ஒரு கிலோ நெல்லிக்காய் ஊறுகாயும் குடுத்து, யார்கிட்டயும் சொல்லாதப்பான்னேன்.

கோவில்பட்டி வந்திருச்சா? கடலை மிட்டாய் வாங்கலாம்னு நினைச்சேன். வேண்டாம், இறங்கினா மறுபடி ஏறுவேனோ என்னமோ. அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் இடம் குடுங்க, கைப்பிள்ளை வச்சிருக்காங்க. இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கும் கயத்தாறுக்கு. கேட்கிறீங்கல்ல?

அவளோட கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில வந்துச்சு. கமலக்கண்ணன் சார்தான் அவளுக்கு வழிகாட்டி. அவர் லட்டு வாங்கிக் குடுத்தார். பெரிய கம்பெனிக்காரங்க வந்தாங்க, அவ பொடியை வாங்கிட்டுப் போயி அவங்க இடத்துல பேட்டரி பண்ணிப் பார்த்தாங்க. இருநூறு தடவைகூடத் தாங்கல. செத்துப் போச்சு. இவளும் எங்க ரூம்லயே மறுபடி போட்டுப் பார்த்தா. இப்ப ஏசி நல்லா ஓடுது. இருநூறுதான். மறுபடி போட்டா, அதே இருநூறு. பிள்ளை சாப்பிடவே இல்லம்மா. டப்பாவைத் திறந்து முன்னாடி வச்சா, "பசிக்கலக்கா"ம்பா. நானும் டப்பாவை மூடிருவேன்.

கம்பெனிக்காரங்க எழுதிட்டாங்க, இந்தப் பொண்ணு கிராஃபைத் திருத்தியிருக்குன்னு. விசாரணைக் குழு போட்டாங்க, மூணு பேரு. இசக்கி அழல, கெஞ்சல. "பொடி அதேதான், ஆளு அதேதான். மாறியிருந்தா அது சூடு ஒண்ணுதான். ரூம் ரெஜிஸ்டரை எடுங்க"ன்னுட்டா. அவ்வளவு சரியா சொன்னாம்மா. என்னைக் கூப்பிட்டாங்க. ரெஜிஸ்டரைக் கொண்டுபோய் மேஜையில வச்சேன். ஒரு பெரியவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, "இப்படி ஒரு பதிவேட்டை நான் எங்கயும் பார்த்ததில்ல"ன்னார். எனக்கு... சொல்லவே வெட்கமா இருக்கு. அந்த இடத்துலயும் எனக்குப் பெருமையா இருந்துச்சு.

இசக்கி அதை வாங்கி ஒவ்வொரு நாளா விரல் வச்சுப் பார்த்துக்கிட்டே வந்தா. மே எட்டுல விரல் நின்னுச்சு. "அன்னைக்கு ஊர்ல தேரு. உள்ளூர் லீவு. நிலையமே பூட்டிக் கிடந்துச்சு. இதுல மூணு வேளையும் எழுதியிருக்கு"ன்னு சொல்லிட்டு என்னைப் பார்த்தா. கோபமா பார்க்கல. சோறு வேணும்னு என் டப்பாவைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தா. "அக்கா, அன்னைக்கு நீங்க வந்தீங்களா?"

வந்தேன்னேன்.

"தேரு அன்னைக்கா?"

"ஆமா, ரூமை விட முடியாதுல்ல. மூணு வேளையும் வந்து பார்த்துட்டுத்தான் போனேன்."

வாட்ச்மேன் நோட்டைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். யாரும் கேட்கல. தேரு அன்னைக்கும் வேலைக்கு வந்த பொம்பளைன்னு அந்தப் பெரியவர் என்னைப் பாராட்டினார். இசக்கி ரெஜிஸ்டரை மூடினா. என்கிட்டயே குடுத்தா. "தேங்க்ஸ்க்கா"ன்னா. அதுக்கப்புறம் அவ என்கிட்டப் பேசல. கட்டுரையை வாபஸ் வாங்கினாங்க, அவ பிஎச்.டி. பதிவை ரத்து பண்ணினாங்க, பட்டம் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவ கேட்டைத் தாண்டிப் போனதை ஜன்னல்ல நின்னு பார்த்தேன். அவளுக்கு அப்பவே தெரியும்னு நினைக்கிறீங்களா? நானும் நினைப்பேன். இருக்காதுன்னும் நினைப்பேன்.

எனக்கு ரிட்டயர்மென்ட் ஏழு மாசம் இருந்துச்சு. அதைச் சாக்காச் சொல்லல. சாக்குத்தான், விடுங்க.

இதோட விட்டிருந்தாக்கூட, விதின்னு மனசைத் தேத்தியிருப்பேன். கேளுங்க. எனக்குப் பிரிவு உபசாரம் வச்சாங்க. கமலக்கண்ணன் சார் மைக்கைப் பிடிச்சுப் பேசினார். அவர்கிட்ட புதுசா ஒரு பையன் சேர்ந்திருந்தான். அவன் இசக்கியோட அதே பொடியை எடுத்து, சூடு பண்ணி நாப்பது டிகிரியில வச்சு சார்ஜ் ஏத்தியிருக்கான். ஆறு நிமிஷத்துல ஏறுது, மூவாயிரம் தடவை தாங்குது. சூடா இருந்தா உள்ள போற வேகம் கூடுது, வெளியில படியலையாம். அதுவே பெரிய கண்டுபிடிப்பாம். வண்டியிலயே பேட்டரியைக் கொஞ்சம் சூடு பண்ணிட்டு ஏத்தினாப் போதுமாம். சார் சொல்றார், "ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்துச்சு, இசக்கி காலத்துல அந்த ரூம் சூடா இருந்திருக்குமோன்னு. அப்புறம் செண்பகம் அம்மாவோட ரெஜிஸ்டர் ஞாபகம் வந்துச்சு. அதுல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல." எல்லாரும் கை தட்டினாங்கம்மா. நான் மாலையோட உக்காந்திருக்கேன்.

புரியுதா? ரூம் சூடா இருந்துச்சுன்னு நான் சொல்லியிருந்தா அவளுக்கு அது அவமானம் இல்ல. அதுதான் அவளோட கண்டுபிடிப்பு. நான் மறைச்சது என் தப்பைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் மறைச்சு வச்சிருந்தது அவளோட சொத்தும்மா!

இந்தப் பையில என்ன இருக்குன்னா... இருங்க, எடுக்கிறேன். இதுதான் அந்த ரூம் தெர்மாமீட்டர். கடைசி நாள் சுவத்துல இருந்து கழட்டிட்டு வந்துட்டேன். திருட்டுன்னா திருட்டுத்தான். இதுக்கு ஒரு குணம் இருக்கு. எவ்வளவு அதிகமா சூடு ஏறுச்சோ அதைக் கீழ ஓரத்துல சின்னதா ஞாபகம் வச்சிருக்கும். நாப்பது புள்ளி மூணு. அந்த ஏப்ரல்-மே சூடு. நான் அழிக்கவே இல்ல. வீட்ல தண்ணிப் பானைக்குப் பக்கத்துல நிழல்லயே வச்சிருந்தேன், வேற சூடு ஏறிரக் கூடாதுன்னு. உள்ள ஒரு பட்டன் பேட்டரி. அது தீர்ந்தா நம்பர் போயிரும். பேட்டரியை மாத்தினாலும் போயிரும். தினம் காலையில எந்திரிச்சதும் சாமி படத்துக்கு முன்னாடி இதைத்தான் பார்ப்பேன். இன்னைக்குக் காலையில பார்த்தா எழுத்து மங்கலா இருக்கு. அடுப்பை அணைச்சுட்டு அப்படியே ஓடி வந்தேன்.

கயத்தாறு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கவே அவ கடை. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி ரிப்பேர் பண்றா. நீலக்கலர் போர்டு. போன மூணு தடவையும் ஜன்னல்லயே பார்த்தேன், குனிஞ்சு ஒயருக்கு ஈயம் பத்தவச்சுக்கிட்டிருந்தா. நல்லாத்தான் இருக்கா. சொந்தக் கடை, சொந்த ஊரு. நல்லாத்தான் இருக்கான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திருநெல்வேலி போயிருவேன். இன்னைக்கு என்ன நினைச்சு வந்தேன்னா, ஒண்ணும் பேச வேண்டாம். கடை மேஜையில இதை வச்சுட்டு வந்துரலாம். நம்பரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிஞ்சிரும். புத்திசாலிப் பிள்ளை.

நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கங்க. கீழ, இந்த ஓரத்துல. தெரியுதா? கண்ணாடி போடலையா நீங்க? வெயில்ல சாய்ச்சுப் பாருங்க. பொத்தானை அமுக்காதீங்க, அழிஞ்சிரும். தெரியலையா?

குடுங்க இங்க.

ஒண்ணும் இல்ல. வெள்ளையா இருக்கு.

தட்டிப் பார்த்தாச்சும்மா. வராது. எனக்குத் தெரியாதா, எத்தனை பேட்டரி செத்ததைப் பார்த்தவ நான்.

உங்ககிட்ட ஒண்ணு மறைக்காம சொல்றேன். இப்ப வெள்ளையா பார்த்தேன்ல, அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இனிமே யாரும் கண்டுபிடிக்க முடியாதுன்னு. அவ்வளவு கேடுகெட்டவ நான். பார்த்துக்கங்க.

அது என்ன, கயத்தாறா? அதுக்குள்ளயா? அந்தா, நீலப் போர்டு. ஷட்டர் திறந்துதான் இருக்கு. குனிஞ்சிருக்கிறது அவதான்.

பேனா இருக்காம்மா உங்ககிட்ட? ரிட்டயர் ஆனதுல இருந்து நான் பேனாவே வச்சுக்கிறதில்ல. குடுங்க. இந்த டிக்கெட்டோட முதுகு போதும். ஏப்ரல், மே. சோதனை அறை. நாப்பது... நாப்பது புள்ளி மூணு. எழுதியது செண்பகவல்லி. மே எட்டு வரவில்லை. அதையும் எழுதிடறேன். வரவில்லை.

பஸ் ஆட்டத்துல எழுத்து கோணல்மாணலா வந்திருச்சு. இங்க ஒரு அடித்தல் வேற.

இருக்கட்டும். இந்தாங்க பேனா. வழி விடுங்கம்மா, இறங்கணும்.